நிலம்பார்த்தான்

இரத்தினபுரிப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நிமிர்ந்து நடக்கிறவர்களை விட்டுவிடுங்கள். அவர்களால் நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. முதுகு வளையாமல் கழுத்து மட்டும் மடங்கி, கண் இரண்டும் தரையைக் கூட்டிக்கொண்டே போக, எதிரே வருகிறவர் மேல் முட்டி அவரையே முறைத்துவிட்டு நகரும் ஒரு மனிதரைக் காண்பீர்கள். அவர்தான் நிலம்பார்த்தான். விழுந்த சில்லறையைத் தேடுகிறார் என்று தப்பாக எண்ண வேண்டாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, தெரியாத்தனமாக, அவர் கண்ணில் ஒரு இரத்தினக்கல் பட்டுவிட்டது. அவ்வளவுதான். ஆள் முடிந்தார்.

எனக்குப் பட்டது பதினொரு வருஷத்துக்கு முன். தேயிலை மலையில், மழைத்தண்ணீர் ஓடிக் கரைத்த கானில், கடலைப் பருப்பு அளவில், நீலமாக. அதை விற்றதில் வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது. கழுத்துக்கு இந்த வளைவும் வந்தது. அன்றிலிருந்து நீலமாக எது மினுங்கினாலும் என்னைக் கேட்காமலே கண் அங்கே ஓடிவிடும். ஷாம்பு உறை, உடைந்த வளையல், சோடா மூடி, ஒரு தடவை தோட்டத்துப் பெரிய துரையின் சட்டைப் பொத்தான். எதையும் விட்டதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யாரென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பந்தலுக்குக் கொட்டிய மணலில் என்ன கிடந்தது என்று கேளுங்கள்!

போன மாசம் என் மகள் சுமித்ராவுக்கு இரத்தினபுரியில் நர்ஸ் பயிற்சிக்கு இன்டர்வியூ. எங்கள் தோட்டத்துக்கு விடியற்காலையில் ஒரே பஸ். மேட்டு லயத்து வீட்டிலிருந்து சாரி கட்டிய பிள்ளை சறுக்காமல் இறங்கி வருவதற்குள், வீட்டில் ஒரு ஆள் முன்னால் ஓடிப்போய் வளைவில் நின்று அதை மறிக்க வேண்டும். கை காட்டாவிட்டால் டிரைவர் நிறுத்தமாட்டான்.

"பஸ்ஸ மட்டும் பாருங்க. கீழ பாக்காதீங்க. இன்னைக்கி விட்டீங்கன்னா வீட்டுப் பக்கமே வராதீங்க" என்றாள் என் மனைவி ஜீவராணி.

"எனக்குத் தெரியாதா புள்ள?" என்றேன்.

வளைவில் நின்றேன். ரோட்டையே பார்த்தேன். ரோட்டோரம் புதிதாகக் கொட்டிய சரளைக் கல்லையும், சும்மா, ஓரக்கண்ணால். அதில் ஒன்று மினுங்கியது. நீலம்! குனிந்தேன்.

டொபி மிட்டாய் சுற்றிய கடதாசி.

நிமிர்ந்தபோது ஓட்டோக்கார ஜவ்பர் வண்டியை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, பஸ் ஒங்கள ஒரசிக்கிட்டுத்தானே போச்சு. ஹோனும் அடிச்சான். கேக்கலியா?"

யானை மாதிரி பஸ், அதுவும் சிவப்பு பஸ், உள்ளே பாட்டு வேறு. சத்தியமாக நான் பார்க்கவில்லை ஐயா!

சுமித்ரா வந்தாள். காலியான ரோட்டைப் பார்த்தாள். என் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தாள். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரத்தினபுரிக்குப் போக ஜவ்பரின் ஓட்டோவில் ஏறும்போதுதான் பேசினாள்.

"படிச்சிருக்கேன்ப்பா. ஒரு தடவ ஆதாயம் குடுத்த சாமானத்தான் மூளை பொறகும் மொதல்ல காட்டுமாம். மத்ததெல்லாம் கண்ணு முன்னுக்கு நின்னாலும் மங்கிப் போயிருமாம். அந்த மத்ததுல நானும் இருக்கேனேப்பா."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மூளையின் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தால், அந்தப் பாழாய்ப்போன மூளையும் என்னுடையதாகவே இருக்கிறது.

சாயந்தரம் அதே வளைவில் தலையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். பஸ் வந்தது. சுமித்ரா இறங்கி என் முன்னால் நின்று, நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் காலடியில் ஒன்று மினுங்கியது. நீலம். இது கடதாசி இல்லை, அடித்துச் சொல்வேன்.

என் கண் போன இடத்தை அவளும் பார்த்துவிட்டாள். செருப்புக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பா, மொதல்ல என்னையப் பாருங்க."

பார்த்தேன். பிள்ளை என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள், எப்போது வளர்ந்தாளோ! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சொன்னதைக் கடைசி வரை, அவள் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

அது சரி, நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள இன்னும் நிற்கிறீர்கள்? இன்டர்வியூ என்னவாயிற்று என்றா, செருப்புக்குக் கீழே என்ன கிடந்தது என்றா? என்னிடம் வெட்கப்பட வேண்டாம். கழுத்தை மட்டும் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.