நிலாவிலிருந்து தெரியாத சுவர்

ஓல்டன்ஷா, லங்காஷயர்
வெள்ளிக்கிழமை காலை, மழை

மதிப்பிற்குரிய மைத்துனர் டெரிக் ஹாவொர்த் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மேவிஸின் கணவன் வில்ஃப்ரட் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் அது பொய். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எதிர்ச்சாரியில் நீங்கள் விசிலடித்தபடி இறைச்சிக் கடை திறப்பது என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. தெருவைக் கடந்து வந்து சொல்லக் கூடாதா என்பீர்கள். நேரில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழக்கிழமை, நம் பப்பில் வருஷக் கடைசி வினாடி வினா. கேள்வி கேட்பது நீங்கள், பரிசு உங்கள் கடைப் பன்றித்தொடை. எங்கள் மேசையில் நான், மேவிஸ், பக்கத்து வீட்டு ஹோரஸ். பேனா வழக்கம்போல என் கையில். கம்பளம் விற்கும் பேஸிலின் அணியும் நாங்களும் சமமாக நிற்கிறோம். மைக்கைத் தட்டிவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "நிலாவுல நின்னு பார்த்தா தெரியுற, மனுஷன் கட்டுன ஒரே விஷயம் எது?" அப்படி ஒன்று கிடையாது. போய் வந்தவர்களே எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சீனப் பெருஞ்சுவர் நீளம்தான், ஆனால் அகலம் நம் மார்க்கெட் ரோடு அளவுதான். நூல் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன, சர்ச் கோபுரத்திலிருந்து பார்த்தால் தெரியுமா?

மேவிஸ் என் காதைக் கடித்தாள். "வில்ஃப், என் தம்பி என்ன பதில் வெச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். சுவர்னு எழுது."

"அது தப்பு."

"தப்புன்னு எனக்கும் தெரியும். எழுதேன்."

ஹோரஸ் பீரைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல தொடை வீட்டுக்கு வரட்டும்யா, உண்மை நடந்து மெதுவா வரட்டும்" என்றான். நான் 'எதுவுமில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். நீங்கள் 'சுவர்' என்று வாசித்தீர்கள். பேஸில் பன்றித்தொடையைக் குழந்தையைப் போலத் தூக்கி முத்தம் கொடுத்தான். நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்கக் கூடாதுதான், ஆனால் எழுந்துவிட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? சுவரில் மாட்டிய பலகையைக் காட்டினீர்கள். "படி, பேராசிரியரே. சத்தமாப் படி." 'கேள்வி கேட்பவர் சொல்வதே முடிவு, அவர் சொல்வது தப்பாக இருந்தாலும்.' இந்த ஊரில் பாதிரியார் சொல்வதற்குக்கூட மறுபேச்சு உண்டு. உங்கள் பலகைக்கு மட்டும் கிடையாது.

இனி இந்த 'நீங்கள்' வேண்டாம், டெரிக், கை வலிக்கிறது. குடிநீர் வாரியத்தில் தண்ணீர் சோதித்துச் சோதித்தே தலை நரைத்தவன் நான். கலங்கலைத் தெளிவு என்று கையெழுத்துப் போட எனக்கு வராது. அதனால்தான் அந்த வருஷம் முழுவதும் நீ சொன்ன தப்பையெல்லாம் அங்கேயே நின்று அவிழ்த்துவிட்டேன். வௌவாலுக்குக் கண் தெரியும், காளைக்குச் சிவப்புதான் தெரியாது, நெருப்புக்கோழி தலையை மண்ணில் புதைப்பதில்லை, நெப்போலியன் குள்ளன் இல்லை, தங்கமீனின் ஞாபகம் மூன்று வினாடி இல்லை, மாதக்கணக்கில் நிற்கும் என்று. ஆட்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சிரித்தது போகட்டும். மேவிஸ் தன் கோட்டை எடுத்தாள், என்னோடு வீட்டுக்கு வருகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை மாட்டிக்கொள்ளாமல், நான் திரும்ப உட்காராதபடி என் நாற்காலி மேல் போட்டாள். "நீ சொன்னதெல்லாம் சரிதான், வில்ஃப். ஆனா உன் பக்கத்துல உக்கார முடியல" என்றாள்.

பிறகு நடந்த கூத்தும் நீ அறிந்ததே. தொடையைப் பங்கு போடுவதில் பேஸிலின் அணி அடித்துக்கொண்டு உடைந்தது. வீடு பற்றி எரிகையில் பிடுங்கினது லாபம் என்று, அவன் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மேவிஸ் பேனா பிடிக்கிறாள். நீ நினைப்பதையே எழுதுகிறார்கள், ஜெயிக்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது வாராவாரம் பரிசாக வந்த உன் கடைச் சாசேஜ்தான். அதை நான் மென்று விழுங்க வேண்டியிருக்கிறது.

வியாழன்தோறும் அவள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கிளம்புவாள். தட்டு போட்டு மூடிய, ஆறின இறைச்சிப் பேஸ்ட்ரி எனக்கு. நானும் தங்கமீனும்தான் வீட்டில். அவள் கதவைச் சாத்தியதும் அது கண்ணாடியோரம் வந்து வாயைத் திறக்கும். அந்நேரம் என் பேஸ்ட்ரியிலிருந்து ஒரு துணுக்கு விழும் என்று அதற்குத் தெரியும். மூன்று வினாடியாம்! நேற்று அவள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

"என்ன கேட்டான் டெரிக்?"

"ஒண்ணுமில்ல. ஏதோ ஆக்டோபஸ் பத்தி."

"என்னன்னு சொல்லேன்."

"சொன்னா நீ திருத்துவே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், டெரிக். நான் அதைச் சொல்லவே இல்லை. படிக்கட்டின் கீழே நின்று, ஒன்றே இப்படி வலிக்கிறதே, மூன்றை வைத்துக்கொண்டு அது என்ன பாடுபடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அந்தப் பலகையைக் கழற்று. மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும், வில்ஃப்ரட் சொன்னதே சரி, சுவர் தெரியாது என்று சொல். அதுவரை அந்தப் பப்பின் படியை மிதிக்க மாட்டேன். இதில் சமரசம் கிடையாது.

உன் மனைவிக்கும், உன் முழங்கால் வலிக்கும் என் விசாரிப்புகள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும் சரியான ஒரு புத்தகத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வில்ஃப்ரட் ஆர்மராட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மேவிஸ் அடுத்த வியாழனுக்கு இப்போதே தன் நீலச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும், டெரிக். நன்றாகவே தெரியும். வௌவால் குருடு, காளைக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது, நெப்போலியன் என் இடுப்பளவு. அவள் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை, பேனா வேண்டாம். தங்கமீனைப் பற்றி மட்டும் கேட்காதே. அதன் முகத்தில் நான் திரும்பி விழிக்க வேண்டும்.