ரிவர்ஸ் மட்டும் விழுது

“ஆக்சிலேட்டரை மிதிங்க மச்சான்.”

“மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன் மாப்ள.”

எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ஒரு குலுங்கு குலுங்கி, நான்கடி முன்னால் வந்து, மறுபடியும் யோசனையில் ஆழ்ந்தது.

வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற குரல்காரர் ஓடி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். காருக்குள் இருந்தவர் அவர் மனைவியின் அண்ணன். ஓர் இரவு தங்கிவிட்டுப் போவதாகத்தான் வந்தார். பைகளை ஏற்றியாகிவிட்டது, கையும் ஆட்டியாகிவிட்டது. இப்போது போய் இப்படி.

குரல்காரர் என்பது தெருவில் வைத்த பெயர். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவர் வேலை. பின்னறையின் சுவர்களில் பழைய மெத்தைகளை ஒட்டி, ஈ பறந்தாலும் கேட்காதபடி ஓர் அமைதியை உண்டாக்கி வைத்திருந்தார். வீட்டில் விருந்தாளி படுக்க அந்த அறையை விட்டால் வேறு இடம் இல்லை. பாதி முடிந்த சரித்திரப் புத்தகம் மேஜையில் கிடந்தது, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

மைத்துனரின் கார் சின்னது, பழையது, ஆட்டோமேட்டிக். கியர் தானாக மாறும் என்பது அதன் பெருமை. வயதான பிறகு, மாறுவதா வேண்டாமா என்பதையும் தானாகவே முடிவு செய்ய ஆரம்பித்திருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்கு குரல்காரர் போன் போட்டார். “ஆட்டோமேட்டிக் பாக்கிற ஆள் லீவுல இருக்காரு சார். வர ரெண்டு வாரம் ஆகும்.”

இரண்டு வாரம்! குரல்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“நானே பாத்துடறேன் மச்சான்.”

“உங்களுக்கு எதுக்கு மாப்ள சிரமம்? நான் வேற ஏதாவது...”

“சிரமமா? எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்!” என்றார் குரல்காரர். வாழ்நாளில் அவர் சைக்கிளுக்குக் காற்றுகூட அடித்ததில்லை.

கியர் வழுக்கினால் முதலில் கியர் ஆயிலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். பார்த்தார். அளவுகோலில் ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்தது. ‘இவ்வளவுதானா!’ என்று கடைக்கு ஓடி ஒரு டப்பா வாங்கி வந்து முழுவதையும் ஊற்றினார். அதன் பிறகுதான் வீடியோவின் மீதியைப் பார்த்தார். எஞ்சின் சூடாக, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டுமாம்.

ஆயில் நுரைத்துப் போனது. முன்பு யோசித்து யோசித்தாவது நகர்ந்த கார், இப்போது சிங்கம்போல் கர்ஜித்து நத்தைபோல் ஊர்ந்தது.

“எப்ப மாப்ள ரெடியாகும்?” என்று கேட்டார் மைத்துனர்.

அந்தக் கேள்வியில் நக்கல் இருப்பதாகக் குரல்காரருக்குப் பட்டது. “கொஞ்சம் ஆயிலை எடுத்துட்டா முடிஞ்சுது” என்று காருக்கடியில் நுழைந்தார்.

கொஞ்சம் என்பது குரல்காரரின் எண்ணம். திருகாணியைக் கழற்றியதும் மொத்தமும் கொட்டியது. கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, “ஏம்மா! ஒரு பாத்திரம்!” என்று அலறினார். மனைவி ஓடி வந்தாள். பாத்திரம் எல்லாம் தேய்க்கப் போட்டிருந்ததால், அவருடைய குளியல் வாளியைக் கொண்டுவந்தாள்.

துளையை மூடி, குத்துமதிப்பாக மறுபடி ஊற்றி, இருவரும் காரை வெளியே எடுத்தார்கள். தெருக்கோடி வரை ராஜா மாதிரி போனது. அங்கே முன்கியர் சுத்தமாகக் கைவிட்டது.

“ரிவர்ஸ் மட்டும் விழுது மாப்ள.”

“அப்ப ரிவர்ஸ்லயே வாங்க.”

மைத்துனர் கழுத்தைத் திருப்பியபடி தெரு முழுவதும் பின்னாலேயே ஓட்டி வந்தார். குரல்காரர் காருக்குப் பின்னால், தானும் பின்னோக்கி நடந்துகொண்டு, “வாங்க, வாங்க, ஒடிங்க, நேரா வாங்க” என்று தன் கணீர்க் குரலில் கத்தினார். பாடப் புத்தகம் வாசிக்கும் உச்சரிப்பு. தெருவே வெளியே வந்து கேட்டது. வீட்டுக்குள் கார் நுழைந்தபோது மைத்துனரின் கழுத்து திரும்பியது திரும்பியபடி நின்றுவிட்டது.

“சுளுக்கு. ஒரு வாரத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது” என்றார் டாக்டர்.

மனைவி குரல்காரரைத் தனியே இழுத்தாள். “ஏங்க, எங்க அண்ணனைக் கொன்னுடாதீங்க.”

“நானா? உங்க அண்ணன்தான்டி என்னைக் கொல்றாரு!”

மறுநாள், அவர் பதிவுகளை வாங்கும் நிறுவனத்திலிருந்து போன். “சார், மூணாம் பாடம் கேட்டோம். போர்க்களம் வர்ற இடத்துல பின்னணிச் சத்தம் ஏதாவது சேத்திருக்கீங்களா? ரம்பம் அறுக்கிற மாதிரி...”

“அது என் மைத்துனர்.”

“பிள்ளைங்க பயந்துடுவாங்க சார். திரும்பப் பேசி அனுப்புங்க. சீக்கிரம்.”

வேறு வழியில்லை. வீட்டில் அமைதியான இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: ஓடாத கார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, வியர்க்க விறுவிறுக்கப் படித்தார். காயம்பட்ட தளபதியிடம் ராணி பேசும் கட்டம். “உன்னை இந்த நிலையில் விட்டுவிட்டு நான் எங்கும் போக மாட்டேன். நீ எழுவாய். மறுபடி ஓடுவாய்!” குரல் தழுதழுத்தது, அது தொழில். கண்ணாடி ஏறியிருந்தும் வாசல்வரை கேட்டது.

நிமிர்ந்தபோது, பின்னறை ஜன்னலில் மைத்துனர் நின்றுகொண்டிருந்தார். கோணிய கழுத்தோடு கொஞ்ச நேரம் பார்த்தவர், பெருமூச்சுவிட்டு, ஓசைப்படாமல் திரையை இழுத்து மூடினார்.

‘வேவு பாக்கிறாரு’ என்று பல்லைக் கடித்தார் குரல்காரர்.

அடுத்து, கியர்பெட்டிக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு, பாட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினால் அது பழைய குழப்பத்தையெல்லாம் மறந்துவிடும் என்று படித்தார். கழற்றினார். மாட்டும்போது டப்பென்று ஒரு பொறி. கம்ப்யூட்டர் பழையதை மறந்ததோ என்னவோ, கியர்க்கம்பி பார்க்கிங்கை விட்டு அசையவே மறுத்தது. ரிவர்ஸும் போயிற்று.

“முன்னாடி பின்னாடியாவது போச்சு” என்றாள் மனைவி.

“எப்ப மாப்ள ரெடியாகும்?” என்றார் மைத்துனர். குரல் முன்பைவிட மெலிந்திருந்தது.

அன்று குரல்காரருக்கு வெறி பிடித்தது. காரோடு வந்த கையேட்டை எடுத்து, சரித்திரப் பாடத்தைப் போலவே முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். பிரேக்கை மிதித்த சேதி போய்ச் சேர்ந்தால்தான் கியர்க்கம்பி பார்க்கிங்கை விட்டு வருமாம். பொறி பறந்தபோது அந்தச் சேதி போகும் வழியில் ஃபியூஸ் போயிருந்தது, மாற்றினார். கம்பி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டே அளவு பார்த்து, கோடு தொடும்வரை சொட்டுச் சொட்டாக ஆயில் ஊற்றினார்.

கம்பியை முன்கியரான டி-யில் போட்டார். கார் நகர்ந்தது. யோசிக்காமல், குலுங்காமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறியது தெரியாமல் மாறியது. தெருவை நான்கு முறை சுற்றினார். கண்ணில் நீர் முட்டியது. பின்னறை! மெத்தைச் சுவர்! நிசப்தம்!

“மச்சான், வண்டி ரெடி!”

மைத்துனர் ஓட்டமாக ஓடி வந்தார். கழுத்து நேராகியிருந்தது, கையில் பை இருந்தது. “நிஜமாவா மாப்ள? அப்ப... நான் கிளம்பட்டுமா?”

அந்த இடத்தில்தான் குரல்காரரின் நாக்கில் சனி உட்கார்ந்தான். விருந்தாளி கிளம்பட்டுமா என்றால் வாய் தானாகச் சொல்லும் பதிலை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“என்ன மச்சான் அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்து, ஓட்டிப் பாத்துட்டுப் போறது!”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. மைத்துனர் அவரையே வெறித்துப் பார்த்தார். பையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“நீங்க சொன்னா சரிதான் மாப்ள” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குத் திரும்பிப் போனார்.

குரல்காரர் கார் பானட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஒரு பேச்சுக்குச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வதா? மனுஷனுக்கு வீடு வாசல் கிடையாதா? பெண்டாட்டி தேட மாட்டாளா?

சட்டைப்பையில் போன் அடித்தது. மைத்துனரின் மனைவி. பேசும்போதே விம்மினாள்.

“அண்ணா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், எங்க வீட்டுக்காரரை விட்டுடுங்க, வண்டியை இழுத்துட்டு வர முதல் நாளே ஆள் சொல்லியாச்சு, ‘மாப்ள இந்தக் கார் மேல உயிரையே வச்சிருக்காரு, பாதியில பிடுங்கிட்டுப் போனா மனசு உடைஞ்சிடுவாரு’ன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு அங்கயே கிடக்கிறாரு!”