மாப்பிள்ளைக் காரில் கடல் பிளக்

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் நஸ்ரி அவர்களுக்கு, தங்கள் ராத்தாவின் கணவரும் ஓய்வுபெற்ற தபாலதிபருமாகிய அபூதாஹிர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் சுகம். தாங்களும் கத்தாரில் சுகமாகவும், சிறப்பாகப் பொறுமையாகவும் இருக்க வேண்டுமென்று துஆச் செய்துவிட்டே பேனையை எடுத்தேன். பொறுமை எதற்கு என்பது கீழே வரும்.

மகள் ஆதிலாவின் கலியாணம் சென்ற ஞாயிறு வெகு சிறப்பாக நடந்தேறியது. தாங்கள் என் பொறுப்பில் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரும் நலம். தாங்கள் பார்த்த வீடியோவில் புகை கக்கிக்கொண்டு பறப்பது அந்தக் கார்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடுத்தவன் நடுவிலிருந்து எடுத்துவிட்டான். நீங்கள் கோல் எடுத்தும் நான் பதில் சொல்லாததற்குக் காரணம், போனில சொன்னா நீங்க இடையில ஏசுவீங்க, என்னால ஒரு கதையை ஒழுங்கா முடிக்க ஏலாது. கடிதத்துக்குள்ள பூந்து ஏச ஆராலயும் ஏலாது, அதுதான் தபாலின்ட மகிமை.

கதை எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற பிளக்கில தொடங்குது. கலியாணத்துக்குக் காரை எடுங்க, ஆனா புது பிளக் நாலு போடுங்க, பழசின்ட தலையில நம்பர் இருக்கு, அதைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்க எண்டு நீங்க சொன்னீங்க. ஓம், சொன்னீங்க. நானும் நாலையும் கழட்டினன். கழட்டிப் பாத்தா ஒரே கரி. தபால் கந்தோரில ஒரு மைச்சொட்டு விழுந்தாலே துடைக்கிற ஆள் நான், இந்தக் கறுப்போட எப்படிக் கடைக்குப் போறது? மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, அரத்தாள் எடுத்து வெள்ளை வெளேரெண்டு வரும்வரைக்கும் தேய்ச்சன். உங்கட ராத்தா குசினியிலிருந்து வந்து பாத்து, "நம்பரையும் சேத்துத் தேய்ச்சிட்டீங்களே" எண்டா. பாத்தா ஓம், நம்பர் இல்ல. ஒரு வேலையைச் சுத்தமாச் செய்யிறது ஒரு குற்றமா மச்சான்?

சரி எண்டு துறையடியில, என்னை மூத்தவனா மதிச்சுக் காக்கா எண்டு கூப்பிடுற றம்ஸான்ட கடைக்குப் போனன். அவர் என்ட பளபளப்பான பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "காக்கா, காருக்கெண்டா டவுனுக்குத்தான் போகணும், என்னட்ட இருக்கிறது போட் எஞ்சின் பிளக்" எண்டார். எனக்கு அந்த நேரம் பாத்து மூளை வேலை செஞ்சிட்டு. நாள் முழுக்க உப்புத் தண்ணிக்கு மேல நிண்டு பத்துற பிளக், காஞ்ச தரையில பத்தாதா? அதுக்குத் தார் றோட்டு தூசு மாதிரி. "திருகுற மரை சேருமா?" எண்டு கேட்டன். "மரை சேரும் காக்கா, ஆனா..." எண்டார். "சேந்தாக் காணும், கட்டுங்க" எண்டு வாங்கிட்டு வந்திட்டன். அந்த ஆனாவுக்குப் பிறகு அந்த மனிசன் என்ன சொல்ல வந்தாரெண்டு நான் நிண்டு கேக்கல்ல.

இந்த இடத்தில உங்களிட்ட ஒண்டு சொல்லணும், உங்கட ராத்தாவிட்டயும் சொல்லாதது. மூதூர்ப் பையன் பாஹிமுக்குப் பொண்ணு கேட்டு வந்த அண்டைக்கு, "மாப்பிள்ளை சொந்தமா போட் வெச்சிருக்கார், நல்ல குணம், புள்ளைக்குச் சம்மதமா?" எண்டு ஆதிலாவைக் கேட்டன். அவள், "ஓம் வாப்பா, ஆனா..." எண்டாள். நான் ஓமைக் கேட்ட சந்தோஷத்தில அல்ஹம்துலில்லாஹ் எண்டு எழும்பிப் போய்ச் சீனி பங்கிட்டுட்டன். அதுக்குப் பிறகு கலியாணம் நெருங்க நெருங்கப் புள்ளைட முகத்தில சிரிப்பே இல்ல. சோறு அளைஞ்சுபோட்டு எழும்புறாள். நான் முத்தத்தில காரைத் துடைச்சுக்கொண்டு நிப்பன், அவள் ஜன்னலால பாத்திட்டுப் பெருமூச்சு விட்டுட்டு உள்ள போவாள். விருப்பமில்லாத இடத்தில என்ட புள்ளையைத் தள்ளிட்டனோ எண்டு ராவு ராவா முழிச்சுக் கிடந்தன் மச்சான். கேக்கவும் பயம். கேட்டு, "ஓம் வாப்பா, விருப்பமில்ல" எண்டாளெண்டா நான் என்ன செய்ய? காரை இன்னும் நல்லாத் துடைச்சன்.

கலியாண நாள் வந்தது. பொண்ணுட வாப்பா வாசல்ல நிண்டு மாப்பிள்ளையை வரவேற்கணும், டிரைவர் வேலை பாக்கப்படாது எண்டு ஊர் முழுக்கச் சொன்னது. என்ட மச்சான்ட காரை வேற ஒருத்தன்ட கையில குடுக்க மாட்டன் எண்டு ஒரே பிடியில நிண்டன். இதை நீங்க மறக்கப்படாது. மூதூர்க்காரர் துறையடியில மாப்பிள்ளைட மாமா வீட்டில வந்து இறங்கி இருந்தாங்க. பின் சீற்றில பூ, வெள்ளைத் துணி, தலைப்பாகை கட்டின மாப்பிள்ளை. முன் சீற்றில எனக்குப் பக்கத்தில அவர்ட மாமா. காருக்கு முன்னால கம்பு தட்டி ஆடுற பொல்லடிக்காரர், றபான் மேளம். ஸ்டார்ட் பண்ணினன், ஒரே அடியில பத்திச்சு. பாத்தீங்களா எண்டு மனசுக்குள்ள றம்ஸானைக் கேட்டன்.

பொல்லடி வைக்கிறவன் ஒரு அடி முன்னுக்கு வெச்சா ரெண்டு அடி சுத்திச் சுத்தி ஆடுவான், உங்களுக்குத் தெரியும்தானே. அவங்களுக்குப் பின்னால நத்தை மாதிரிக் கார் போகணும். பள்ளிச் சந்தி தாண்டல்ல, எஞ்சின் இருமத் தொடங்கினது. பிறகு விக்கினது. பிறகு செத்துப் போச்சு. இறங்கித் தள்ளினாங்க, பத்திச்சு, கொஞ்சம் போச்சு, திரும்பவும் செத்துப் போச்சு. மாப்பிள்ளைட மாமா, "இதென்ன சகுனம்" எண்டு முணுமுணுத்தார். வேர்வையில என்ட சேட்டைப் பிழியலாம். அப்பதான் பின்னாலயிருந்து மாப்பிள்ளை, கலியாணம் பேசின நாளிலிருந்து என்னோட ஒரு சொல்லுக் கதைக்காத பையன், கழுத்தை நீட்டி, "மாமா, குறை விளங்காதீங்க, போட் பிளக்கா போட்டிருக்கீங்க?" எண்டு என்னைக் கேட்டார்.

பிளக்குக்கும் சூட்டுக் கணக்கு ஒண்டு இருக்காம் மச்சான். போட் எஞ்சின் கடல்ல முழு வேகத்தில ஓடுறது, அதால அதின்ட பிளக் சூட்டைக் கெதியா இறக்கி விட்டுடுமாம். ஊருக்குள்ள ஆறுதலா ஓடுற காருக்குச் சூட்டைப் பிடிச்சு வைக்கிற பிளக்தான் வேணுமாம், இல்லாட்டிக் கரி பிடிச்சு மூச்சு முட்டிடும். போட் பிளக் நீளத்திலயும் கட்டையாம். "இதை ஆறுதலா ஓட்ட ஏலாது மாமா, அடிச்சுத்தான் ஓட்டணும். நீங்க பின்னுக்கு வாங்க" எண்டு இறங்கி வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டார். மாப்பிள்ளை! கலியாணக் கோட்டோட! பக்கத்தில இருந்த அவர்ட மாமாவுக்கு முழங்கால் வருத்தம், அவர் முன் சீற்றை விட்டு அசையல்ல. எனக்குக் கிடைச்சது பூப்போட்ட பின் சீற். "காத்துக்குப் பறந்திடும், இதைப் பிடிங்க" எண்டு தலைப்பாகையையும் என்ட கையில தந்தார். எனக்கு ரெண்டு கையும் வேணும், முன் சீற்றைப் பிடிக்க. தலைப்பாகையை எங்க வைக்கிற? தலையில வெச்சன்.

சனம் தள்ளிவிட எஞ்சின் பத்திச்சு, பொல்லடிக்காரர் ரெண்டு பக்கமும் பாஞ்சாங்க, கார் பறந்திச்சு. அல்லாஹ்ட காவலால ஒரு கோழிக்குக் கூடச் சேதமில்ல. எங்கட வாசல்ல பொம்பிளையள் குரவை போடத் தொடங்கினாங்க. ஆனா கேற்றடி முழுக்கச் சனம், நிப்பாட்ட இடமில்ல, மெதுவாக்கினா எஞ்சின் செத்திடும். மாப்பிள்ளை ஒரு கையால சலாம் சொல்லிக்கொண்டே எங்கட வீட்டைத் தாண்டிப் போய்ட்டார். குரவை பாதியில நிண்டு போச்சு. பூச்சோடனைக்கு நடுவில தலைப்பாகையோட பொண்ணுட வாப்பா போறதை ஊரே பாத்தது. திருப்ப இடம் கிடைச்சது பாலத்தடியிலதான். அங்க வலை உலர்த்திக்கொண்டிருந்த றிகாஸ் எழும்பி நிண்டு, "காக்கா, ரெண்டாவதா?" எண்டு கத்தினான். அவனை நான் பிறகு பாத்துக்கொள்ளுறன்.

திரும்பி வரக்குள்ள சனம் விலகி நிண்டது. டமார் எண்டு ஒரு வெடி, கார் சரியாக் கேற்றடியில நிண்டது. நான் கதவைத் திறந்து, தலைப்பாகையோட இறங்கி, என்ன செய்யிறதெண்டு தெரியாம எல்லாருக்கும் சலாம் சொன்னன். அப்ப ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்திச்சு. ஆதிலா. பொண்ணு சத்தம் போட்டுச் சிரிக்கப்படாதெண்டு பக்கத்தில இருந்தவங்க வாயைப் பொத்துறாங்க, அவள் கையைத் தட்டிவிட்டுட்டுச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் பாத்தார், அவருக்கும் சிரிப்பு வந்திட்டு. பிறகு முழு ஊரும் சிரிச்சது, மாப்பிள்ளைட மாமா உட்பட. நான் மட்டும் அழுதனான் மச்சான். என்ட புள்ள சிரிச்சிட்டாள் எண்டு அந்தத் தலைப்பாகையோட நிண்டு அழுதனான். வெக்கமென்ன, சந்தோஷத்தில அழுதா அழுகையா?

ஆகவே மைத்துனர் அவர்களே, இத்தால் தங்களுக்கு அறியத்தருவது என்னவெனில், காருக்கு ஒரு கீறலும் இல்லை. இனிமேல் நான் எஞ்சின் மூடியைத் திறப்பதில்லை என்று உங்கள் ராத்தாவின் முன்னிலையில் சத்தியம் செய்துவிட்டேன். ஊருக்கு வரும் ஆரிடமாவது சரியான பிளக் நான்கை நீங்களே பார்த்துக் கொடுத்துவிடவும். வந்த கையோடு மாப்பிள்ளையைக் கொண்டு எஞ்சினில் பூட்டி, காரை மூடிக் கட்டிவிடுகிறேன். நீங்கள் வரும்வரை அது அசையாது.

உங்கட ராத்தா சலாம் சொல்லச் சொன்னா, நேரத்துக்குச் சாப்பிடட்டாம். உங்கட உழைப்பில அல்லாஹ் பறக்கத் செய்யட்டும், உங்கட கோபத்தைக் குறைக்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
துஆவுடன் உங்கள் மச்சான்,
அபூதாஹிர்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்கு முன்னால தைரியத்தை எடுத்துக்கொண்டு ஆதிலாவைக் கேட்டன், அண்டைக்கு அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன மகள் சொல்ல வந்தீங்க எண்டு. "ஆனா மாப்பிள்ளையை நஸ்ரி மாமாட அந்தக் கார்ல மட்டும் கூட்டிக்கொண்டு வந்திடாதீங்க, அது நடுறோட்டில நிண்டு மானத்தை வாங்கிடும் எண்டுதான் வாப்பா சொல்ல வந்த. நீங்க அதை நாள் முழுக்கத் துடைக்கிறதைப் பாத்துத்தான் எனக்குச் சோறு இறங்கல்ல" எண்டாள். வாற கிழமை மூதூரில மாப்பிள்ளை வீட்டு விருந்து. வேன் பிடிச்சுத் தாறன் எண்டன், மாட்டாளாம். அதே கார்தானாம், மாப்பிள்ளைதான் ஓட்டணுமாம், தலைப்பாகையோட பின் சீற்றில நான் இருக்கணுமாம். ஆகவே பிளக் அனுப்ப வேண்டாம். றம்ஸானிட்ட இன்னும் நாலு போட் பிளக் சொல்லி வெச்சிருக்கன்.