பச்சைக்கிளி நீலமான கதை

"சட்டைப் பொத்தான் அளவு துருதானேன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"ஆரம்பிக்கும்போது பொத்தான் அளவுதான் இருந்துச்சு."

"இப்ப?"

மாப்பிள்ளை சைக்கிளைக் காட்டினான். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கத் துரு தன் சொந்தபந்தங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தபடி பெடலிலிருந்து சீட்டு வரைக்கும் போய்விட்டது.

சைக்கிள் மாமனாருடையது. கனத்த எஃகு ஃப்ரேம், பின்னால் இரண்டு பக்கமும் பை மாட்டுகிற கேரியர். கல்யாணத்துக்கு முன்னால் அதில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நாற்பது நாள் மலையும் கடலோரமுமாகச் சுற்றியவர் அவர். அதற்குப் பெயரே வைத்திருந்தார்: பச்சைக்கிளி. இப்போது கண்புரை ஆபரேஷனுக்காக மாமியாரோடு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வருவதற்கு மூன்று நாள். அதற்குள் துருவை எடுத்து, அதே பச்சையைப் பூசி, புதுக் கண்ணோடு வருகிறவர் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

காரணம் இருந்தது. வேலை போன ஒன்றரை வருஷமும் அவன் இந்த வீட்டில்தான் உட்கார்ந்து சாப்பிட்டான். மாமனார் ஒரு நாள்கூடக் குத்திக் காட்டியதில்லை. வந்தவர்கள் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டால், "எனக்குக் கண் சரியில்லையா, நான்தான் லீவு போட்டுக் கூட இருக்கச் சொன்னேன்" என்பார், முகம் மாறாமல். ஒன்றரை வருஷ லீவை எவன் நம்புவான்? அவர் சொன்னால் நம்பினார்கள். இப்போது வேலை கிடைத்து மூன்று மாதம். நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சரி, கையாவது சொல்லட்டும் என்றுதான் உப்புத்தாளை எடுத்திருந்தான்.

தேய்த்த இடத்துக்கு மட்டும் பச்சை அடித்தான். புதுப் பச்சை பழைய பச்சையோடு ஒட்டவே மாட்டேன் என்றது.

"தேமல் மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி.

அப்படியானால் முழுசாக உரித்துவிட வேண்டியதுதான். சக்கரம், செயின், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் கழற்றினான். பெயின்ட் கரைக்கிற மருந்தைத் தடவினான். பச்சை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, சாயங்காலத்துக்குள் ஃப்ரேம் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி நின்றது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெயின்ட் கடைக்கு ஓடினான்.

"எந்தப் பச்சை சார்?" என்றார் கடைக்காரர்.

"பழைய பச்சை."

"எல்லாருக்கும் பழைய பச்சைதான் சார் வேணும். சாம்பிள் கொண்டாங்க, கலந்து தர்றேன்."

வீட்டுக்கு ஓடிவந்தான். "தரையில பச்சையா உதிர்ந்து கிடந்துச்சே, அது எங்கே?"

"பெருக்கிக் கொட்டிட்டேன். குப்பை வண்டி இப்பதான் போச்சு."

"ஐயோ! ஒரு துணுக்குகூடவா வைக்கலை?"

"வீடு பூரா அந்த மருந்து நாத்தம். பெருக்காம பீரோவுல வெச்சுப் பூட்டுவாங்களா?"

மறுபடி கடைக்கு ஓடினான்.

"இலைப் பச்சையா, பாட்டில் பச்சையா?" என்றார் கடைக்காரர்.

"கிளிப்பச்சை. ஆனா கொஞ்சம் வயசான கிளி."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கலக்க ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம் அழுத்தமா," என்றான். நீலம் விட்டார். "இன்னும் கொஞ்சம்." இன்னும் நீலம் விட்டார். கடையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அச்சு அசல் பச்சைக்கிளி.

தூசி படக்கூடாது என்று ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் வைத்து, அங்கேயும் ஒரு மஞ்சள் பல்பின் அடியில், மறுநாள் முழுக்க மூன்று கோட் அடித்தான். மூன்றாம் நாள் மதியம் எல்லாவற்றையும் மாட்டி வாசலுக்கு உருட்டி வந்தான்.

மனைவி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "என்னங்க இது, நீலமா இருக்கு?"

நல்ல வெயிலில், சந்தேகத்துக்கே இடமில்லாத நீலம். உள்ளே உருட்டினான், பச்சை. வெளியே உருட்டினான், நீலம்.

"அப்பாவை ஸ்டோர் ரூம்ல வெச்சே பார்க்கச் சொல்லிடலாமா?"

"விளையாடாதே! ஒன்றரை வருஷம் சோறு போட்ட மனுஷன். அவர் ஆசையா வெச்சிருந்தது இது ஒண்ணு. அதையும் பாழாக்கிட்டேன்."

வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் மாமியார் இறங்கினார். "என்னங்க, நம்ம பச்சைக்கிளி..." என்று ஆரம்பித்தவரை, பின்னாலேயே இறங்கிய மாமனார் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நீ முதல்ல உள்ளே போய்த் தண்ணி குடி."

மாமனார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு, கையெல்லாம் பெயின்ட்டோடு பேயறைந்தது போல் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாமா, நான் வந்து... துருன்னு..."

"அடேயப்பா!" என்றார் மாமனார். "என்ன கைராசி அந்த டாக்டருக்கு! புரை இருந்தா எல்லாமே மஞ்சளாத் தெரியுமாம் மாப்பிள்ளை. நீலத்தோட மஞ்சள் சேர்ந்தா என்ன? பச்சை! இத்தனை வருஷம் நீலத்தைப் போய்ப் பச்சைன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன் பாருங்க. அதுக்குப் பச்சைக்கிளின்னு பேர் வேற!"

"அப்பா, எங்களுக்கும் பச்சையாத்தானே..." என்ற மனைவியின் காலை மாப்பிள்ளை மிதித்தான். அவள் பேச்சை மாற்றினாள். "கண்ணுல கட்டு எங்கேப்பா?"

"இப்பல்லாம் கட்டே கிடையாதும்மா. அவ்வளவு முன்னேற்றம்." அவர் ஃப்ரேமைத் தடவினார். "பொட்டுத் துரு இல்லை. ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. தெருக்கோடி வரைக்கும் போய் நாலு பேர்கிட்ட காட்டிட்டு வர்றேன்."

கைப்பேசியை வராந்தா மேஜையில் வைத்துவிட்டு, மணியை அடித்துக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போனார்.

மாப்பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. முகம் தெரியாத அந்தக் கண் டாக்டர் குடும்பத்தோடு நூறு வயசு வாழவேண்டும் என்று மனதார வாழ்த்தினான். அதே நேரம் மேஜையில் மாமனாரின் கைப்பேசி அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"சிஸ்டர், நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்!" என்றான், தழுதழுத்து. "டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆபரேஷன் பிரமாதம். மாமாவுக்கு எல்லா நிறமும் பளிச்சுன்னு தெரியுது. அவர் புண்ணியத்துல என் மானம் தப்பிச்சுது!"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ன சார் சொல்றீங்க? ரெண்டு நாளாப் பார்த்தும் பிரஷர் குறையலைன்னு ஐயாவை இன்னிக்குக் காலையில திருப்பி அனுப்பிட்டோமே. வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் கண்ணுல நாங்க இன்னும் கையே வைக்கலை சார்."