ஒன்பது நாள் டிஸ்க் வைத்தியம்

கணினி விஷயத்தில் பாக்கியரத்தினத்துக்கு வாய் நீளம். துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். கப்பல்துறை ஊரிலேயே, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் ஒரே வீடு தன்னுடையதுதான் என்று பெரிய நினைப்பு. மனைவி புஷ்பவதிக்கு அவர் நாள்தோறும் ஓதும் மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: "அன்மவுண்ட் பண்ணாமல் டிஸ்கைக் கழட்டக்கூடாது!" அதாவது, கணினியிடம் சொல்லி விடுவிக்காமல் வயரை இழுக்கக்கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்படிக் கழட்டியவர் அவரேதான். பீரங்கி ஷெல் சத்தம் கேட்டால் அடையாள அட்டை, காணி உறுதி, வெளி டிஸ்க் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பங்கர் குழிக்குள் பாய வேண்டும். யுத்த காலத்தில் அந்த வீட்டின் சட்டம் அது. கணினி டிஸ்கில் ஏதோ பதிந்துகொண்டிருந்த நேரம் முதல் ஷெல் விழுந்தது. மந்திரம் மறந்துபோயிற்று. வயரை ஒரே இழுவை.

மறுநாள் செருகினால், திரை முழுக்க 'இன்புட் அவுட்புட் எரர்'. போன வருஷம் ஷெல்லடியில் செத்துப்போன ஒரே மகள் வதனி அதற்குள்தான் இருந்தாள். நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடெல்லாம் கண்ணாடி தேடும் அப்பாவைப் போல, குசினி அடுப்படியில் நின்று நடித்துக்காட்டும் இரண்டு நிமிச வீடியோ. கணினியில் இடம் போதாதென்று டிஸ்குக்கு மாற்றியிருந்தார். அவளுடைய குரல் வேறெங்கும் இல்லை.

தெரிந்தால் புஷ்பவதி தாங்கமாட்டாள். மறைத்துவிடுவதென்று தீர்மானித்தார்.

"என்னப்பா, டிஸ்குக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. துடைச்சுக்கொண்டிருக்கிறன்."

"துணி தரட்டே?"

"உள்ளுக்குத் துடைக்கிறன்!"

"சரி சரி. சோறு ஆறுது."

சந்தேகம் வராதிருக்க, அன்றுமுதல் ஒழுங்காகப் போய்ச் சாப்பிட்டார்.

டிஸ்கை அன்மவுண்ட் பண்ணி, பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினார். அது பிழைகளைத் திருத்தி, மீட்ட கோப்புகளை ஒரு மூலையில் குவித்துவிட்டது. பெயர் ஒன்றுக்கும் இல்லை, வெறும் இலக்கங்கள். நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றாகத் திறந்தார். யாரோ ஒருவருடைய கலியாணவீடு வந்தது. தம்பலகாமத்து யானை வந்தது. பள்ளிக்கூட உடுப்போடு வதனியும் வந்தாள். குரல் மட்டும் வரவில்லை. பிள்ளையை இரண்டாம் தரம் தன் கையாலேயே தொலைத்துவிட்டதாக உள்ளுக்குள் கரைந்துபோனார்.

ஒன்பதாம் நாள் கடைசிக் கோப்பையும் திறந்தார். பழைய கரண்ட் பில். அதோடு உடைந்துவிட்டார்.

"வதனியின்ரை வீடியோ போயிட்டுது புஷ்பம். நான்தான் வயரை இழுத்தனான்."

புஷ்பவதி அகப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் இழுக்கேக்கை அது அதுக்குள்ளை இல்லையப்பா."

"என்ன கதைக்கிறீர்?"

"அந்த வெள்ளிக்கிழமை காலமை பக்கத்து வீட்டு றஹ்மா டீச்சர் அதைச் சீடியிலை போட்டுத் தந்தவ. டிஸ்கிலை இருந்ததை நான் அழிச்சுப்போட்டன்."

"அழிச்சனீரோ? ஏன்?"

"நாளாந்தம் ஒபிசாலை வந்து அதைப் பாத்து அழுதுபோட்டு, வெறும் வயித்தோடை படுக்கிறீங்கள். பிள்ளையும் போயிட்டுது. நீங்களும் போனால் நான் ஆரோடை இருக்கிறது?"



"ஒன்பது நாளா நான் தேடினது தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"ஒன்பது நாளும் சாப்பிட்டீங்களே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சீடி எங்கை?"

"என்னட்டை இருக்கு. நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு ஒவ்வொரு நாளும் நான் பாக்கிறனான்." அவளுடைய குரலும் உடைந்தது.

"நீர் தனியவோ? எதிலை போட்டுப் பாக்கிறீர்?"

"ரீவியோடை இருக்கிற டெக்கிலைதான். அதுக்கு லினக்ஸ் தேவையில்லையப்பா."