ஆட்டின் தொண்டையைத் தடவும் ஐயாமார்

கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் நாயைக் காட்டி ஆட்டைப் பயமுறுத்தினாராம். பயத்தில் அதன் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோர்ந்து, பால் வற்றிப் போயிற்றாம். எனக்குக் கடைக்கார முஹைதீன் சொன்னது; அவருக்கு அவருடைய மச்சான் சொன்னது. மச்சானுக்கு யார் சொன்னாரோ! இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் மனிதர்கள். உடனே எழுந்து யாருடைய ஆட்டின் தொண்டையையாவது தடவக் கிளம்புகிறவர்கள் தனி இனம். மாதிரி வேண்டுமா? பாளையங்கோட்டையில் இரண்டு பாஷை படித்து, கடல் தாண்டி மன்னார்க் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருக்கும் என்னைப் பாருங்கள். தமிழில் கேட்டதை இங்கிலீஷில் சரிபார்ப்போம். இங்கிலீஷில் விளங்காததைத் தமிழில் விளக்குவோம். சும்மா மட்டும் இருக்கமாட்டோம்.

பக்கத்துத் தோட்டவெளிக் கிராமத்துச் செலீனாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். தாய்ப்பால் போதாமல், ஒரே ஒரு வெள்ளாட்டின் பாலில்தான் இரண்டும் வளர்கின்றன. பால் கொஞ்சம் குறைந்தது. விடுவேனா? வேலிக்குள் நுழையாதபடி ஆட்டின் கழுத்தில் கட்டியிருந்த முக்கோணத் தடி சுரப்பியை நெரிக்கிறதென்று அவிழ்ப்பித்தேன். ஆடு அடுத்த வீட்டுப் பூமணியின் வேலிக்குள் புகுந்து, மிளகாய்க் கன்றுகளை மேய்ந்து, விளக்குமாற்றடி வாங்கித் திரும்பியது. பால் பாதியாயிற்று. அதன் மனம் நொந்திருக்குமென்று காலையும் மாலையும் போய்த் தொண்டையைத் தடவி, கண்ணிமையைப் புரட்டி, "பயப்படாதே" என்று ஆறுதலும் சொன்னேன். பால் கால்வாசியாயிற்று.

நேற்றுச் செலீனா வேலிப் படலையிலேயே மறித்தாள்.

"ஐயா, நீங்கள் காய்ச்சலெண்டு வராத ரெண்டு நாளும் ஆடு செம்பு நிறையப் பால் தந்தது."

"அப்படியானால் சுரப்பி..."

"சுரப்பி கிடக்கட்டும்! உங்கட செருப்புச் சத்தம் கேட்டாலே அது கட்டின கட்டையைச் சுத்தி ஓடுது. என்ர பிள்ளையள் பசியில கத்துதுகள். ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கும், இந்தப் பக்கம் வராதேங்கோ. நீங்களும் வேண்டாம், வேற டொக்குத்தரும் வேண்டாம்."

உள்ளேயிருந்து அவள் புருஷன் சந்தியோகு குரல் கொடுத்தான்: "ஓம் ஐயா, தடவத்தான் வேணுமெண்டால் உங்கட தொண்டையைத் தடவுங்கோ!"

தடவினேன். படபடவென்று துடித்தது.

ஆனால் அதற்கு முன்பே கொழும்பு மிருக வைத்தியர் ஒருவருக்குத் தந்தி அடித்துவிட்டிருந்தேன்: "ஆடு ஆபத்தில். உடனே பேசவும்." இதோ, கந்தோர் மேசையில் டெலிபோன் அடிக்கிறது. எடுத்தால் 'வரவேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது; வைத்தியர் அடுத்த ரயிலில் ஊசியும் பெட்டியுமாக ஆட்டின் முன்னே வந்து நிற்பார். எடுக்காமல் விடுவதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு நான் செய்யக்கூடிய ஒரே உபகாரம். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக் கதிரையில் அமர்ந்திருக்கிறேன்.

நீங்கள் ஏன் பதறுகிறீர்கள்? 'என்ன அவசரமோ, எடுத்துத்தான் பாரேன்' என்கிறதா மனம்? வாருங்கள், கதிரையில் கொஞ்சம் இடம் விடுகிறேன். மணி இன்னும் அடிக்கிறது.