கழுத்துக்குப் பூசின மை

எண்பத்தைஞ்சாம் ஆண்டு மாரியில ஒரு வீரமான முடிவு எடுத்தன். மனுசிக்கு ஒரு விசயத்தை ஒளிக்கிறது. ஒளிச்சுப் பழக்கமில்லாத ஆள் நான். அதுவரைக்கும் ஒளிக்க என்னட்ட ஒண்டும் இருந்ததுமில்லை.

ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து வெக்ஸ்போர்ட்டில நாங்கள் இருந்தது அலெக்ஸாண்டர் கிழவற்ற வீட்டு பேஸ்மென்ற்றில. வேலையுமில்லை, தெரிஞ்ச ஆளுமில்லை எண்டு நானும் புனிதவதியும் வாசலில போய் நிண்டபோது, "முதல்ல உள்ளுக்கு வாங்கோ, குளிருது" எண்டு தமிழிலயே கூப்பிட்ட மனுசன். அவர் என்ன கேட்டாலும் ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் கேட்டது இதுதான். கிழவர் சனிக்கிழமையில கிளப்புக்குப் போய்த் துவக்கால கடதாசி வட்டத்துக்குச் சுடுவார். சுட்ட தோட்டாவின்ர பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, திருப்பி வெடிமருந்தடைப்பார். அதுக்கு முதல் கோதின்ர கழுத்தை ஒரு கருவியில இழுத்துச் சரிப்பண்ண வேணும். உள்ளுக்கு வழுக்கல் இல்லாட்டிக் கீச்சிட்டுக்கொண்டு கழுத்து நீண்டுபோகும். எண்ணெய் பூசினால் மருந்து பழுதாப்போகும். ஆனபடியா, பென்சில் கரியை அரைச்ச மாதிரி ஒரு காய்ஞ்ச பவுடரைச் சின்னப் பிரஷால பூசவேணும். கிழவற்ற விரல் வாதத்தில மடங்காது.

"நீ பூசித் தாறியோ?" எண்டார்.

"ஓம்" எண்டன்.

புனிதவதிக்குத் துவக்கு எண்ட சொல்லே ஆகாது. ஊரில ஆமி வீட்டுக்குள்ள பூந்த நாளில இருந்து, ஒரு கதவு அடிச்சுச் சாத்தினாலும் அவவின்ர முகம் வெளுத்துப்போகும். அவவிட்ட இதைச் சொல்லுறதோ? இங்கிலிஸ் படிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு மேல ஏறினன்.

இறங்கி வந்த உடனயே பிடிபட்டன்.

"என்னப்பா, விரலெல்லாம் கறுப்பு?"

"பென்சில்."

"பென்சிலைத் திண்டனீங்களோ? மூக்கிலயும் கிடக்கு."

"இங்கிலிஸ் கஷ்டம், புனிதம்."

"எங்க, இண்டைக்குப் படிச்சதில ஒண்டு சொல்லுங்கோ."

வாயில வந்தது ஒரே சொல்லுத்தான். "நெக்."

"அப்பிடியெண்டா?"

"கழுத்து."

"ஆற்ற கழுத்து?"

"பொதுவான கழுத்து."

"கண்ணுக்கு மை பூசுறவையைக் கண்டிருக்கிறன். கழுத்துக்கும் பூசுறவை இருக்கினமோ இஞ்ச?"

நான் சவுக்காரத்தைத் தேடி ஓடினன்.

அடுத்த கிழமை அவ ஒண்டும் கேக்கேல்லை. வெண்டிட்டன் எண்டு நினைச்சு, நெஞ்சை நிமித்திக்கொண்டு மேல போனன். அங்க எனக்கு வேலை இல்லை! எல்லாக் கோதும் கழுத்துக் கறுத்து, வரிசையா நிண்டுதுகள். நடுவில ஒரு ஜாம் போத்தல். அதுக்குள்ள கடுகு.

"உன்ர மனுசி" எண்டு கிழவர் விழுந்து விழுந்து சிரிச்சார்.

என்ர இங்கிலிஸ் எப்பிடிப் போகுது எண்டு விசாரிக்க, பகல் மீன் ரோல்ஸும் கொண்டு வந்திருக்கிறா. "என்ன இங்கிலிஸ்?" எண்ட கிழவர் மேசையைக் காட்டியிருக்கிறார். துவக்குச் சாமான் எண்டவுடன ஒரு அடி பின்னுக்குப் போனவவாம். பிறகு ஒரு கோதைக் கையில எடுத்து உருட்டிப் பாத்திருக்கிறா. அதுக்குப் பக்கத்தில கிடந்த பிரஷைக் கண்டதும் என்ர 'கழுத்து' விளங்கிச் சிரிப்பு வந்திட்டுதாம். கீழ போய்க் கடுகைக் கொண்டுவந்து, அதில பவுடரைப் பிரட்டி, நாலு நாலு கோதாக் கழுத்தைக் குத்தி எடுத்திருக்கிறா. வேலை முடிஞ்சுது.

நான் கீழ ஓடினன்.

"புனிதம், உனக்குப் பயமில்லையோ?"

"பயந்தான். வெறுங்கோதைக் கையில எடுத்துப் பாத்தன். கொஞ்சம் குறைஞ்சுது."

"உனக்காகத்தான் ஒளிச்சனான்."

"தெரியும். அதாலதான் கோவிக்கேல்லை. ஆனால் ஒண்டொண்டாப் பூசிக்கொண்டிருந்தியளே, அதுக்குத்தான் கோவம்."

பனி கரைஞ்ச பிறகு கிழவர் எங்களைக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். புனிதவதிக்குக் காரில முன் சீற். காதுக்கு மூடி. ஆக்களுக்கெல்லாம் "எங்கட கடுகு நிபுணர்" எண்டு அறிமுகம். எனக்கும் ஒரு பதவி தந்தார்: கோது பொறுக்கிற வாளி.

வெடி கேட்டுது. புனிதவதி ஆடாமல் நிண்டா. ரண்டாம் வெடிக்கு மெல்லச் சிரிச்சா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. நல்லூரானுக்கும் கிழவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டன்.

"கும்பிட்டது காணும்" எண்டா புனிதவதி. "உங்கட காலடியில ஒரு கோது கிடக்கு, குனிஞ்சு எடுங்கோ."